கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்: சொந்த மருத்துவப் பதிவைப் பெற, திருத்த, பத்திரமாக வைத்திருக்க

என் அப்பா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் "20 ஆண்டுகளாகப் புகைப்பழக்கம் உண்டு" என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் அதைக் கவனித்தபோது எட்டு மாதம் ஓடிவிட்டது. காப்பீட்டு விண்ணப்பம் திரும்பி வந்து, காரணம் தேடித் தாள்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் அந்த வரி இன்னும் மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. இதய மருத்துவர் சம்மரியைப் பார்த்துத் தன் குறிப்பில் எழுதியிருந்தார். அவர் குறிப்பைப் பார்த்து நுரையீரல் மருத்துவர் எழுதியிருந்தார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டிலும் அதுவே இருந்தது. அவர்களில் யாரும் அப்பாவிடம் "புகை பிடிப்பீர்களா" என்று கேட்கவில்லை. ஏற்கெனவே எழுதியிருப்பதை யார் மறுபடி கேட்கப்போகிறார்கள்?

கடைசியில் திருத்தி வாங்கினோம். மூன்று மாதமும் ஐந்து கடிதங்களும் ஆயின. வீட்டுக்குக் கிளம்பிய அன்றே படித்துப் பார்த்திருந்தால், வார்டில் இருந்த டூட்டி டாக்டர் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக பிரிண்ட் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார். ஐந்து நிமிட வேலை.

கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதும், அதன்பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஃபைல் போட்டுப் பழகியதும்தான். டாக்டர் மாறுவார், மருத்துவமனை மாறும், லேப் மாறும். எல்லா அறையிலும் உடன் இருந்தவர் நோயாளி ஒருவர்தான். முழு ஃபைலும் அவரிடம்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவரிடம்தான் அது இருப்பதில்லை.

எதையெல்லாம் கேட்பது

"ரெக்கார்டு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் கையில் வருவது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். அது இரண்டு மூன்று பக்கச் சுருக்கம். கேஸ் ஷீட் என்பது வேறு. அட்மிஷன் போட்டபோது எழுதிய நோய் வரலாறு, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது எழுதிய தினசரிக் குறிப்பு, நர்ஸ்கள் நேரம் போட்டு எழுதிய காய்ச்சல், ரத்த அழுத்த அட்டவணை, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் அதற்குள் இருக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்துவிட்டு வந்தால் சம்மரி போதும். ஆபரேஷன், நாள்பட்ட நோய், காப்பீட்டுத் தகராறு, வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து என்று எது வந்தாலும் முழு கேஸ் ஷீட்டும் வேண்டும்.

ஆபரேஷன் நடந்திருந்தால் இரண்டு தாள்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று ஆபரேஷன் நோட்ஸ். இன்னொன்று மயக்க மருந்துப் பதிவு. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. மூச்சுக்குழாயில் குழாய் போடச் சிரமமாக இருந்ததா, எந்த மருந்துக்கு ரத்த அழுத்தம் இறங்கியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த ஆபரேஷனுக்கு வரும் மயக்க மருந்து டாக்டருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரிப்போர்ட் என்பது ஒரு ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்து எழுதிய கருத்து. அடுத்த டாக்டர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். சிடி, எம்ஆர்ஐ படங்கள் 'டைகாம்' என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. உலகம் முழுக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் பொது வடிவம் அது. அந்த வடிவிலேயே குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ இணைப்பாகவோ கேளுங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஃபோனில் எடுத்த படம் எதற்கும் உதவாது. நுணுக்கம் எல்லாம் போய்விடும். குறுந்தகடு கொடுத்தால் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா, உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு வேலை முடிவதில்லை. எடுத்த திசு மெழுகுக் கட்டியாக, அதாவது 'பிளாக்'காக, லேபில் இருக்கும். அதிலிருந்து சீவிய 'ஸ்லைடு'களும் இருக்கும். புற்றுநோய் விஷயத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும்போது புதிய டாக்டர் அந்த ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்கலாம். எழுதிக் கொடுத்து வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ரிப்போர்ட்டில் உள்ள லேப் எண்ணைக் குறித்து வைத்தால் தேடுவது எளிது.

உடம்புக்குள் ஏதாவது வைத்திருந்தால், அதாவது ஸ்டென்ட், மூட்டு, பேஸ்மேக்கர், கண் லென்ஸ், அதன் ஸ்டிக்கர் வேண்டும். தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது முதல் கேள்வியே "உள்ளே என்ன இருக்கிறது, எந்த மாடல்" என்பதுதான். அந்த மாடலில் குறை கண்டு நிறுவனம் திரும்பப் பெற்றால் உங்களுடையது அதில் சேருமா என்று பார்ப்பதற்கும் அந்த எண்தான் வழி.

ஈசிஜி தாளைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பல இடங்களில் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். சில வருடத்தில் கோடு மங்கி வெறும் கட்டம்தான் மிஞ்சும். லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே தாள் கறுத்துப்போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது ஸ்கேன் செய்து வையுங்கள். பழைய மாரடைப்பா புதியதா என்று சந்தேகம் வரும் நேரத்தில், முந்தைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் டாக்டரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் கேட்டு அலைய வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவப் பதிவேட்டுத் துறை என்று தனியாக ஒன்று இருக்கும். 'ரெக்கார்டு செக்ஷன்' என்று கேட்டால் காட்டுவார்கள். சிறிய கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவரே பார்த்துக்கொள்வார். எங்கே ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். அவர்களிடம் படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள். இல்லையென்றால் இந்த அளவு போதும்:

"நான் (பதிவில் உள்ளபடி பெயர்), பிறந்த தேதி (…), மருத்துவமனைப் பதிவு எண் (…). (தேதி) முதல் (தேதி) வரை இங்கே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். அந்தச் சிகிச்சை தொடர்பான கேஸ் ஷீட் முழுவதும், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, லேப் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டும் படங்களும் எனக்கு நகலாக வேண்டும். மின்னணு வடிவில் இருப்பவற்றை அதே வடிவில் தரவும். அடையாள அட்டையின் நகலை இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை தரவும்."

கடைசி வரிதான் முக்கியம். கடிதத்தின் இன்னொரு நகலில் தேதி, முத்திரை, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.

"ஃபைல் மருத்துவமனையுடையது, கொடுக்க மாட்டோம்" என்று சிலர் சொல்வார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னது: தாளும் கோப்பும் மருத்துவருடையவை, அதில் உள்ள தகவலைப் பார்த்து நகல் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. அசலைக் கேட்டால்தான் மறுப்பார்கள். நீங்கள் கேட்பது நகல்.

எத்தனை நாளில் தர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அமெரிக்காவில் 30 நாள். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து ஒரே ஒரு முறை இன்னும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒரு மாதம். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் வரை போகலாம், முதல் நகலுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் "எதற்காக வேண்டும்" என்பதற்கு நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. பில் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நகலை நிறுத்தி வைக்கவும் அமெரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

காலம் கடத்தாமல் கேட்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபைலை யாரும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. இந்தியாவின் அதே 2002 விதிகள் உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கத்தான் சொல்கின்றன. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் பெரியவர்களின் மருத்துவமனைக் கோப்புக்குப் பொதுவாக 8 ஆண்டு. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் ஒருநாள் அழித்துவிட்டோம் என்று பதில் வரும். குடும்ப டாக்டர் கிளினிக்கை மூடுகிறார் என்று கேள்விப்பட்டால் அந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள்.

வயதான அம்மா அப்பாவுக்காக நீங்கள் கேட்பதானால் அவர்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவருடைய அடையாள நகலும் வேண்டும். அவர்கள் தெளிவாக இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதி வாங்கி வையுங்கள். ஐசியூ வாசலில் நின்றுகொண்டு கையெழுத்துக்கு அலைவதைவிட அது மேல். இறந்தவருடைய பதிவு வேண்டுமென்றால் வாரிசு என்பதற்கான சான்று கேட்பார்கள்.

வாங்கிய கையோடு படிப்பது

2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் மருத்துவக் குறிப்பைப் படித்துப் பார்த்த 22,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேட்டார்கள். ஐந்தில் ஒருவர் அதில் தவறு கண்டதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர்களில் 10-க்கு 4 பேர் அது பெரிய தவறு என்று கருதினார்கள். வேறொருவருடைய விவரம் தன் குறிப்பில் இருந்ததைக் கண்டவர்களும் அதில் உண்டு. ஆகவே, சந்தேகப்பட்டுப் படிப்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. ஒரே நாளில் முப்பது நாற்பது பேரைப் பார்த்து எழுதும் கைக்கு இன்னொரு ஜோடிக் கண் உதவுகிறது, அவ்வளவுதான்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். பெயர், வயது, பாலினம், பதிவு எண் நான்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவு எண் ஒரு பக்கத்தில் மட்டும் மாறியிருந்தால் அது வேறொருவருடைய தாள். பிறகு வலது, இடது. பிறகு அலர்ஜி. பிறகு மருந்துப் பெயரும் அளவும். பிறகு ஏற்கெனவே உள்ள நோய்கள், பழக்கங்கள், பழைய ஆபரேஷன்கள். இந்த ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். இவற்றில் விழும் தவறுதான் அடுத்தடுத்த டாக்டர்களிடம் தொற்றிக்கொண்டு போகும்.

உள்ளே இருக்கும் குறிப்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, தெரிந்துகொண்டால் படிப்பது எளிது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் கொண்டுவந்த முறை அது. நான்கு பகுதி: நீங்கள் சொன்னது, டாக்டர் சோதித்துக் கண்டது, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அடுத்து செய்யப்போவது. முதல் பகுதியை நீங்கள்தான் சரிபார்க்க முடியும். ஏனென்றால் அது உங்கள் வாய்ச்சொல். "மூன்று நாளாக நெஞ்சு வலி" என்று சொன்னது "மூன்று வாரமாக" என்று பதிவாகியிருந்தால் மூன்றாம் பகுதியே மாறிப்போகும்.

சுருக்கெழுத்துகள் பலரைப் பயமுறுத்தும். 'கே/சி/ஓ' என்றால் அந்த நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும் என்று பொருள். 'எச்/ஓ' என்றால் முன்பு இருந்திருக்கிறது. 'ஆர்/ஓ' என்றால் அந்த நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சோதிக்கிறார்கள். இருக்கிறது என்று பொருளில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் 'ஆர்/ஓ' போட்டுப் பக்கத்தில் காசநோய் என்று எழுதியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் சொல்லும்படி எதுவும் இல்லை, நல்ல செய்தி. மருந்துச் சீட்டில் 'ஓடி' என்றால் பல இடங்களில் நாளுக்கு ஒரு வேளை. அதே எழுத்துகள் கண் டாக்டரின் சீட்டில் வலது கண்ணைக் குறிக்கும். புரியாத சுருக்கத்தை ஊகிக்காதீர்கள். அங்கேயே கேட்டு, பென்சிலில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நகலில் மட்டும்.

எண்களில் அலகைப் பாருங்கள். சர்க்கரை சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் வரும். முதலாவதை 18-ஆல் வகுத்தால் இரண்டாவது. 126 என்பதும் 7.0 என்பதும் ஒரே அளவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது: மில்லிகிராம் கணக்கில் 1 என்றால் மைக்ரோமோல் கணக்கில் ஏறக்குறைய 88. வெளிநாட்டிலிருந்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து 'சிறுநீரகம் போய்விட்டது' என்று பதற வேண்டாம். தேதியிலும் இதே கதைதான். 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4.

தப்பு இருந்தால்

தவறுகள் இரண்டு வகை. பெயர், வயது, வலது இடது, மருந்தின் அளவு, இல்லாத பழக்கம், நடக்காத ஆபரேஷன் எல்லாம் உண்மைத் தவறுகள். ஆதாரம் காட்டினால் திருத்துவார்கள். நோய் என்ன என்று டாக்டர் எடுத்த முடிவு வேறு. "எனக்கு அந்த நோய் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததற்காக அதை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. அதற்கு இன்னொரு டாக்டரின் கருத்தை வாங்கி, அதையும் ஃபைலில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: திருத்தம் என்றால் அழிப்பது இல்லை. பழைய பதிவு அப்படியே தெரியும்படி இருக்க, அதன்மேல் கோடு போட்டோ இணைப்பாகவோ புதியதைத் தேதியும் கையெழுத்துமாகச் சேர்ப்பார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அந்தத் தவறை நம்பி நடுவில் யாராவது மருந்து கொடுத்திருந்தால் ஏன் கொடுத்தார்கள் என்று பின்னால் தெரிய வேண்டுமே. அதே காரணத்துக்காக, உங்கள் கையில் உள்ள நகலில் வெள்ளை மை தடவுவது, மேலே எழுதுவது எதையும் செய்யாதீர்கள். திருத்திய தாளைக் கண்டால் காப்பீட்டுக்காரர்கள் உங்களைத்தான் சந்தேகிப்பார்கள்.

அப்பா விஷயத்தில் எங்கள் முதல் கடிதம் இரண்டு பக்கம். கோபம் எல்லாம் அதில் இருந்தது. பதிலே வரவில்லை. ரெக்கார்டு செக்ஷனில் இருந்த ஒரு பெரியவர்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்கு, என்ன இருக்கணும், எதை வச்சுச் சொல்றீங்க. இவ்வளவுதாம்மா எங்களுக்கு வேணும்." அடுத்த கடிதத்தை அப்படியே எழுதினோம்:

"டிஸ்சார்ஜ் சம்மரி, பக்கம் 2, 'பழக்கங்கள்' என்ற தலைப்பின் கீழ் '20 ஆண்டுகளாகப் புகைப்பழக்கம் உண்டு' என்று உள்ளது. 'புகைப்பழக்கம் இல்லை' என்று இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையின் அட்மிஷன் குறிப்பிலேயே 'புகைப்பழக்கம் இல்லை' என்று இருப்பதை நகலில் காட்டியுள்ளோம். திருத்திய சம்மரியை எங்களுக்கும், பழைய சம்மரி அனுப்பப்பட்ட அனைவருக்கும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த ஆதாரம் எங்களுக்குக் கிடைத்தது முழு கேஸ் ஷீட்டை வாங்கியதால்தான். அட்மிஷன் போட்ட இளம் டாக்டர் சரியாகவே எழுதியிருந்தார். சம்மரி டைப் செய்யும்போது இன்னொருவருடைய வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் பழைய குறிப்பை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் வந்த பிறகு இது எங்கேயும் நடக்கிறது. ஆகவே தவறு கண்டால் முதலில் அதே ஃபைலுக்குள் வேறு எங்காவது சரியாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அவர்கள் கையெழுத்தையே அவர்களிடம் காட்டுவதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

"அனுப்பப்பட்ட அனைவருக்கும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மூல ஃபைலைத் திருத்திய பிறகும் பழைய நகல் மற்ற டாக்டர்களிடம் உயிரோடு இருக்கும். நாங்கள் ஐந்து கடிதம் எழுத வேண்டி வந்ததும் அதனால்தான்.

திருத்தக் கோரிக்கைக்கு அமெரிக்காவில் 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை ஏற்காத நீங்கள் ஒரு மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தால், அந்தப் பகுதி இனி யாருக்குப் போனாலும் உங்கள் குறிப்பும் சேர்ந்தே போகும். ஐரோப்பாவில் தவறான தகவலைத் திருத்தக் கேட்பது தனி உரிமையாகவே சட்டத்தில் இருக்கிறது. இப்படி விரிவான விதி இல்லாத இடத்திலும் உங்கள் கடிதத்தை ஃபைலோடு சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அலர்ஜி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு மாத்திரை போட்டு வாந்தி வந்தது, அம்மா "இவனுக்குப் பென்சிலின் ஆகாது" என்றார், அது ஃபைலில் ஏறி நாற்பது வருடமாக நிற்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினர் பென்சிலின் அலர்ஜி என்று சொல்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த அலர்ஜி இல்லை. ஆனால் ஃபைலில் இருக்கும் அந்த ஒரு சொல்லுக்காக, தேவைக்கு மேல் வீரியமான ஆன்டிபயாடிக்கை எழுத வேண்டியிருக்கிறது. வயிற்றைப் புரட்டுவது பக்க விளைவு. உடம்பு தடித்து, முகம் வீங்கி, மூச்சு திணறுவது அலர்ஜி. என்ன மருந்து, எத்தனை வயதில், என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போய் இதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நீங்களாகவே "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று முடிவு செய்து அந்த வரியை எடுக்கச் சொல்லாதீர்கள். உண்மையான அலர்ஜியாக இருந்தால் உயிர் போகும்.

உங்கள் ஃபைலில் வேறொருவருடைய ரிப்போர்ட் இருந்தால் அதைப் படம் எடுக்காமல், யாருக்கும் அனுப்பாமல் திருப்பிக் கொடுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: என் ரிப்போர்ட் எங்கே போயிருக்கிறது?

வீட்டு ஃபைல்

இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. ஓர் உறை ஃபைல், ஃபோனில் ஒரு ஃபோல்டர், ஒற்றைத் தாள். இந்த மூன்றையும் விடாமல் செய்தால் போதும்.

ஃபோல்டரில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள்: "2024-03-17 ரத்தப் பரிசோதனை", "2024-05-02 எக்கோ". கம்ப்யூட்டர் தானாகவே வரிசையாக அடுக்கிவிடும். 'ஸ்கேன்1', 'புதியது', 'கடைசி' என்று வைத்தால் ஒரு வருடத்தில் உங்களுக்கே புரியாது. வெண்ணிற வெளிச்சத்தில், தாள் முழுதும் தெரிய, மேலே உள்ள பெயரும் தேதியும் வெட்டுப்படாமல் ஸ்கேன் செய்யுங்கள். பெயர் இல்லாத லேப் ரிப்போர்ட் யாருக்கும் ஆதாரமில்லை.

நாள்பட்ட நோய் இருந்தால் ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் தேதி, மேலே சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், எடை, ரத்த அழுத்தம். லேப் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் தனித்தனியாக 'எல்லைக்குள்' என்றே சொல்லும். ஆனால் 0.8, 0.9, 1.0, 1.2 என்று கிரியாட்டினின் மெல்ல ஏறுவது ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால்தான் தெரியும். கூடுமானவரை ஒரே லேபில் பாருங்கள். லேப் மாறினால் அந்த வரிசையில் அதைக் குறித்துவிடுங்கள். கருவியும் முறையும் மாறினால் எண்ணும் சற்று மாறும்.

ஒற்றைத் தாள்தான் எல்லாவற்றிலும் அதிகம் பயன்படுவது. பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. அலர்ஜி, என்ன நடந்தது என்பதோடு. இப்போதுள்ள நோய்கள், கண்டுபிடித்த ஆண்டோடு. ஆபரேஷன்கள், உள்ளே வைத்தவற்றின் மாடல் எண்ணோடு. இப்போது சாப்பிடும் மருந்துகள், கம்பெனிப் பெயரும் மருந்தின் மூலப் பெயரும், அளவு, எந்த வேளை, எப்போதிலிருந்து. நிறுத்திய மருந்துகள், ஏன் நிறுத்தினோம் என்பதோடு. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் எழுதுவதில்லை. கால் வீங்கியதால் நிறுத்திய மாத்திரையைப் புதிய டாக்டர் வேறு பெயரில் மறுபடி எழுதுவது அதனால்தான். மூலப் பெயர் ஏன் வேண்டும் என்பதற்கும் அதுவே பதில். தாளின் மூலையில் "கடைசியாகச் சரிபார்த்தது" என்று தேதி போடுங்கள். தேதி இல்லாத மருந்துப் பட்டியலை எந்த டாக்டரும் நம்ப மாட்டார்.

மருத்துவமனைத் தளத்தில் உங்கள் கணக்கில் எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மருத்துவமனை மென்பொருளை மாற்றினால் பழைய கணக்கு மூடப்படலாம். ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் தேசிய அளவில் இணையப் பதிவேடுகள் இருக்கின்றன. இந்தியாவில் 'ஆபா' என்ற 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணோடு பதிவுகளை இணைக்கும் திட்டம் 2021-இல் நாடு முழுக்கத் தொடங்கியது. சேர்ந்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் பிடிஎஃப் வந்ததும் இறக்கி உங்கள் ஃபோல்டரிலும் போடுங்கள். அந்த ஃபோல்டருக்கு இன்னொரு நகல் வேறொரு கருவியில் இருக்கட்டும், கடவுச்சொல்லோடு. ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ஒருமுறை போனது திரும்பாது. மனநலம், கருவுறுதல், தொற்று நோய் தொடர்பான தாள்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, தேவைப்படும் டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சீட்டை ஸ்கேன் செய்து, ஒற்றைத் தாளில் மாறியதை மாற்றி, கொடுக்கச் சொன்ன ரிப்போர்ட் இன்னும் வரவில்லையென்றால் அதைக் குறித்து வையுங்கள். "ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபிலிருந்து வந்து யார் கண்ணிலும் படாமல் மேசையில் கிடக்கும் ரிப்போர்ட்டுகள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. நீங்கள் ஃபோன் செய்து கேட்கலாம்.

ஃபோன் பூட்டியிருந்தாலும் திரையில் அவசர மருத்துவத் தகவல் தெரியும்படி ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் வசதி உண்டு. அலர்ஜி, மருந்து, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் அதில் போடுங்கள். உறை ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது காட்டி வையுங்கள். மயங்கிக் கிடப்பவரால் எழுந்து எடுத்துத் தர முடியாது.

அப்பாவின் ஒற்றைத் தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே இப்படி இருக்கிறது: "புகைப்பழக்கம்: எப்போதும் இல்லை. பழைய சம்மரியில் இருந்த பதிவு திருத்தப்பட்டது. திருத்தக் கடிதத்தின் நகல் இணைப்பில்." புதிய டாக்டர் யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். படித்து முடிக்கும்வரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.